தொப்பியின் நாதம் வீடு வந்த வரலாறு



மிருதங்கத்திற்கு இரு முகங்கள் உண்டு. வலப்புறத்து முகத்தை வலந்தலை என்றும், இடப்புறத்து முகத்தைத் தொப்பி என்றும் வழங்குகிறோம். சொற்கட்டுகள் தெளிவாகப் பேசுவது பெரும்பாலும் வலந்தலையில். அச்சொற்களுக்கு நிலமாக நின்று தாங்குவது தொப்பி. தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் தமிழர் ஒருவர், அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய மாலை வேளையில், கைப்பேசியிலிருந்து ஒரு பழைய கச்சேரியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடகர் குரல் கேட்கும், பிடில் கேட்கும், வலந்தலையின் சொல்லும் கேட்கும். தொப்பி மட்டும் கேட்காது; அல்லது கேட்பதுபோன்ற ஒரு மயக்கம் மட்டுமே தோன்றும். இசையைப் பெட்டிக்குள் அடைத்து வீட்டிற்குக் கொணரத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கருவிகள் வலந்தலையை எளிதாகவும் தொப்பியை அரிதாகவுமே கொணர்ந்தன. அந்த இடக்கை நாதம் எவ்வாறு வீடு வந்து சேர்ந்தது என்பதே இன்று நான் கூற முன்வந்த வரலாறு.

இதில் எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் உண்டு. நான் மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது பாலக்காட்டில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். என் தந்தையார் தோட்டத்துக் கோயிலில் மார்கழி பஜனைக்கு மிருதங்கம் வாசிப்பார். முறையாகக் குருகுலவாசம் செய்தவரல்லர். கேள்வி ஞானமே மிகுதி. 1991ஆம் ஆண்டு மார்கழியில் யாரோ ஒருவர் அந்தப் பஜனையைக் கேசட்டில் பதிவு செய்தார். தந்தையார் காலமான பின்னர் அந்த நாடாவைக் கணினியிலேற்றிக் கைப்பேசியில் கேட்டோம். மரப்பலகையில் விரலால் தட்டுவது போன்ற ஓசைதான் வந்தது. "அப்பா வாசிச்சது இதுவா?" என்று என் தாயார் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தே இவ்வரலாற்றை ஓரளவு கற்றேன்.

பாலக்காட்டின் கிழக்கெல்லை தமிழும் மலையாளமும் கைகோத்து நடக்கும் பூமி. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழே வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் பல. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பெருவெம்பு என்னும் சிற்றூர் தோற்கருவிகள் செய்வதற்குப் பெயர் பெற்றது. மிருதங்கம், மத்தளம், செண்டை முதலியவற்றுக்குத் தோல் பதப்படுத்தி, வாரிழுத்து, மூட்டுக் கட்டும் குடும்பங்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கல்பாத்தி அக்கிரகாரத்தின் தேர்த்திருவிழாவும் அதனையொட்டிய இசைவிழாவும் யாவரும் அறிந்தவை. 1896இல் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் இந்நாட்டவர். ஒலிபெருக்கியில்லாத காலத்திலேயே கூட்டத்தின் கடைசி வரிசைவரை எட்டிய வெண்கலக் குரலுக்கு உரியவர். அவருடைய ஊக்கத்தால் இளமையிலேயே மேடையேறி, பின்னர் மிருதங்கத்திற்கே ஓர் இலக்கணமாகத் திகழ்ந்த பாலக்காடு மணி ஐயர், 1912இல் பிறந்தவர். 1966இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதை மிருதங்க வித்துவான்களுள் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. ஆகவே தொப்பியின் கதையைப் பாலக்காட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமேயாகும்.

இந்த வாத்தியத்தின் உள்ளமைப்பை விஞ்ஞான முறையில் முதன்முதலாக விளக்கியவர் தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழர் என்பதை நீங்கள் மகிழ்ச்சியுடன் நினைவுகூரலாம். சர் சி. வி. ராமன் 1907 முதல் 1917 வரை மத்திய அரசின் நிதித்துறையில் பணியாற்றியவர். கல்கத்தாவில் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தவர். 1920இல் அவரும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் இந்தியத் தாளவாத்தியங்களைப் பற்றிச் சிறு கட்டுரையொன்று வெளியிட்டனர். 1934இல் பெங்களூரிலிருந்து ராமன் விரிவானதொரு கட்டுரையை எழுதினார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அதனாலேயே பல முரசுகளில் ஓசை இருக்கிறது, சுருதி இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவிலிட்ட கரணை தோலின் கனத்தை மாற்றி, தந்தியில் பிறப்பதுபோன்ற இசைவான ஐந்து நாதங்களைப் பிறப்பிக்கிறது. தோலின்மீது மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்கி நிற்கிறதென்று கண்டு இதனை அவர் மெய்ப்பித்தார்.

தொப்பியின் முறை வேறு. அதற்கு நிலையான கரணை கிடையாது. கச்சேரிக்கு முன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து நடுவில் அப்புவர். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவர். அந்த ஈரமாவின் கனத்தால் தோல் மெதுவாக அசைந்து ஆழ்ந்த நாதத்தை எழுப்புகிறது. மணிக்கட்டின் அழுத்தத்தால் அந்த நாதத்தை வளைத்து எழுப்புவதையே கும்கி என்கிறோம். இவ்வொலி நொடிக்கு 100 அதிர்வுகளை ஒட்டியும் அதற்குக் கீழுமாக அமைகிறது. ஆண்குரலுக்குச் சேர்த்த தம்புராவின் மந்தர ஷட்ஜமும் நொடிக்கு 70 அதிர்வுகள் என்ற அளவிலேயே நிற்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 அதிர்வுகள்வரை கேட்கும் என்பர். அந்த நீண்ட ஏணியின் கீழ்ப்படிகளில் தொப்பி வாழ்கிறது.

கீழ்ப்படியில் வாழ்வதனால் நேரும் இடர்ப்பாடு யாதெனில், அங்குள்ள ஒலியை எழுப்புவதற்குக் காற்றை நிரம்பத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே வலிமையான ஒலியைத் தர ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். விரல்நகம் போன்ற கைப்பேசி ஒலிபெருக்கிக்கு அது இயலாத செயல். நம் செவியோ கீழ்நாதங்களுக்கு இயல்பாகவே மந்தமானது; 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதனை அளந்து காட்டினர். ஒலியைத் தணித்து வைக்குந்தோறும் முதலில் மறைவது அடிநாதமே. பின் ஆண்குரல் மட்டும் கைப்பேசியில் ஆண்குரலாகவே கேட்பது ஏன் என்று வினவலாம். குரலின் மேல்நாதங்களைக் கேட்ட மாத்திரத்தில், அவற்றுக்கு அடியாக இருக்க வேண்டிய நாதத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பழைய தொலைபேசிக் கம்பியில் 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலி போகாதபோதும் தந்தையின் குரலை நாம் அடையாளம் கண்டது இவ்வாறே. ஒரு கணம் ஒலித்து மறையும் தொப்பிக்கு அவ்வளவு உதவி கிடைப்பதில்லை.

இனி, கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். 1902இல் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெயிஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் அந்தக் கம்பெனியின் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அக்காலப் பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. பாடுவோர் ஒரு பெரிய தகரக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட, அந்தக் காற்றசைவே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. நொடிக்கு இருநூறுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளுக்கு அந்த ஊசியை அசைக்கும் வலிமை பெரிதும் இல்லை. எனவே அந்தத் தட்டுகளில் தாளம் இருக்கும், தொப்பி இராது. 1925இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் கொண்டு பதிவு செய்யும் முறை மேனாடுகளில் வந்தது. அதன் பின்னரே அடிநாதம் தட்டில் ஏறத் தொடங்கியது.

அதே 1925ஆம் ஆண்டு மற்றொரு பெருஞ்செயலும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர், காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளொன்று அசைந்து காகிதக் கூம்பைத் தள்ளும் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதினர். இன்று நம் வீடுகளிலுள்ள ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. மறுவருடம், 1926இல், ரேடியோலா 104 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது, அதன் பெட்டிக்குள்ளேயே மின்பெருக்கியும் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே 'பவர்டு ஸ்பீக்கர்' என்று இன்று கடைகளில் புதுமை போலச் சொல்லப்படுவது உண்மையில் ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது.

தமிழகத்தில் 1924இல் சென்னை மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் திறக்கப்பெற்றன. மலபாரின் பகுதியாக அந்நாளில் இருந்த பாலக்காட்டிற்கு அருகே, கோழிக்கோட்டு நிலையம் 1950இல் வந்தது. அந்நாளைய வால்வு ரேடியோப் பெட்டியை நினைவு வைத்திருப்போர் இன்றும் அதன் குரலைப் புகழ்வர். அது வெறும் பழமைப் பற்று அன்று. தேக்குப் பலகைப் பெட்டியில் ஆறு அல்லது எட்டு அங்குலக் கூம்பு பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் பெட்டிகளின் மூன்று அங்குலக் கூம்பைக் காட்டிலும் அது அதிகக் காற்றைத் தள்ளியது. ஆயினும் பின்புறம் திறந்த பெட்டியாதலால், கூம்பின் பின்னால் பிறந்த அலை முன்னால் பிறந்த அலையைச் சுற்றி வந்து அழித்தது. தொப்பி கேட்டது, ஆனால் பாதி கேட்டது.

மலைநாட்டின் கதை சிறிது வேறுபட்டது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால் விளக்கொளியும் வானொலியும் தொழிலாளர் வாழ்ந்த லயங்களுக்கு வரப் பின்னும் நெடுங்காலமாயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களின் தமிழ்த் தொழிலாளர்க்குப் பெருத்த ஒலி என்றால் அது கோயில் திருவிழாவிலும் பொதுக்கூட்டத்திலும் மைக்செட்காரர் கட்டிய கூம்புக் குழாய்தான். 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, எல்லைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராஜன் தோட்டந்தோட்டமாகச் சென்று பாடிய தமிழ்ப் பாட்டுக்கள் பெரும்பெயர் பெற்றன. பின்னாளில் இசையமைப்பாளர் இளையராஜாவாக உலகறிந்த அவருடைய தம்பியும் அக்காலத்தில்தான் தமையனின் இசைக்குழுவில் சேர்ந்தார். கூம்புக் குழாய் ஒலியை மலையின் மறுபுறத்துக்கும் எட்டச் செய்யும் திறமுடையது. ஆனால் அக்குழாயின் நீளமும் வாயின் அகலமும் எந்த அலைக்குப் போதாதோ அந்த அலையை அது வெளியிடாது. சொல் மலையேறியது, மத்தளத்தின் அடிநாதம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது.

இதே குறையே சங்கீத சபைகளிலும் ஒரு விவாதத்தை எழுப்பியது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் மேடையேறியபோது பாடகர் பலர் அவற்றை வரவேற்றனர். மெல்லிய குரலுடையோர்க்கும் பெரிய மண்டபம் வசமாயிற்று. மணி ஐயர் மட்டும் அவற்றை ஒப்பவில்லை. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் நாதத்தைக் கெடுக்கிறது என்பது அவர் துணிபு. 1960களில் ஒலிபெருக்கியில்லாத கச்சேரிகளிலேயே வாசிப்பது என்ற விரதத்தையும் சிலகாலம் மேற்கொண்டார். அதனைப் பிடிவாதம் என்று சிலர் கருதினர். ஆனால் அந்நாளைய கருவிகளின் அளவை இன்று நாம் அறிந்து நோக்கும்போது, அவர் செவி சொன்னது முற்றிலும் உண்மையென்று விளங்குகிறது. குரலை மனத்திற்கொண்டு அமைந்த ஒலிவாங்கியும், கீழ்நாதத்தை விழுங்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து, அவருடைய இரு கைகளுள் ஒன்றை மட்டுமே சபைக்குக் காட்டின. மற்றொரு கையின் உழைப்பு முழுவதும் மேடையிலேயே தங்கிவிடுமாயின், எந்த வித்துவான் மனமொப்பி வாசிப்பார்?

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி மேனாட்டுச் சாலைகளில் படிப்படியாக நடந்தது. பெல் ஆய்வுச் சாலையின் ஆல்பர்ட் தூராஸ், மூடிய பெட்டியில் அளவறிந்து ஒரு துவாரம் அமைத்தால் கூம்பின் பின்னலையையும் பயன்படுத்தலாம் என்று காட்டி, 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு ஆழ்ந்த நாதம் தரும் ஒலிபெருக்கியை உருவாக்கினார். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் பெட்டியின் கொள்ளளவையும் கூம்பின் இயல்பையும் இணைத்துக் கணக்கிடும் முறையை வகுத்தார். 1970களில் ரிச்சர்டு ஸ்மால் அதனை விரித்தார். அதுவரை தச்சன் கைப்பழக்கமாக இருந்த பெட்டி செய்யும் தொழில், கணக்குக்கு உட்பட்ட தொழிலாயிற்று.

கடைசியில் வெளிப்பட்ட உண்மை மிக எளிது: எல்லா வேலையையும் ஒரே கூம்பிடம் ஒப்படைக்கலாகாது. மேல்நாதத்திற்குச் சிறு கூம்பு, நடுநாதத்திற்கு இடைத்தரக் கூம்பு, மிகக் கீழ்நாதத்திற்கெனவே தனிப் பெட்டி, தனிக் கூம்பு, தனி மின்பெருக்கி. இந்தத் தனிப் பெட்டியே சப்வூஃபர். 1974இல் நிலநடுக்கத்தைப் பற்றிய ஓர் அமெரிக்கத் திரைப்படத்திற்காகக் கொட்டகைகளில் பெரும்பெரும் பெட்டிகளை வைத்து நாற்காலிகளையே அதிரச் செய்தபோது பொதுமக்கள் இதன் வலிமையை உணர்ந்தனர். நம் முன்னோரோ ஒரே பலாமரக் கட்டையின் இரு முனைகளில் இரு வேறு தோல்களைக் கட்டி, மேல்நாதத்தை ஒன்றுக்கும் கீழ்நாதத்தை மற்றொன்றுக்கும் முன்பே பகிர்ந்தளித்திருந்தனர்.

1970களிலும் 80களிலும் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் கேரளமெங்கும் கேசட் இயந்திரங்களைக் கொணர்ந்தனர். 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக இளையராஜா திரையுலகில் நுழைந்தார். அவருடைய பாடல்களில் பாஸ் கித்தார் தனக்கென்று ஒரு தனிப் பாதையில் நடந்து செல்வதை இன்று இசையறிஞர் வியந்து பேசுகின்றனர். தேநீர்க் கடை வானொலியில் அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த எம்மனோர்க்கு அப்பாதை இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் கழித்து நல்ல கருவியில் கேட்டபோது, பழகிய வீட்டில் திறக்கப்படாத அறையொன்றைக் கண்டாற்போல் இருந்தது.

இனி, அந்த அறையை எவ்வாறு திறப்பது என்பதைச் சுருங்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் மின்பெருக்கி உள்ளடங்கிய இரு ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் இருக்கின்றன என்று கொள்வோம். முதலில் எல்லாக் கருவிகளின் மின்விசையையும் நிறுத்திவிடுக. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இருவகை வாயில்கள் உண்டு. ஸ்பீக்கர் கம்பிகளை முடுக்கும் வாயிலில் வருவது பெருக்கிய மின்விசை. அது தமக்கென மின்பெருக்கி இல்லாத ஒலிபெருக்கிகளுக்கு உரியது. 'ப்ரீ அவுட்', 'சப் அவுட்' என்று எழுதிய வட்ட வாயில்களில் வருவது பெருக்காத மெல்லிய குறிப்பு. மின்பெருக்கி உள்ளடங்கியவற்றுக்கு இதுவே உரியது. முதல்வகை வாயிலிலிருந்து பவர்டு ஸ்பீக்கரின் மெல்லிய குறிப்பு வாயிலுக்குக் கம்பியிழுத்தல் கூடாது, கருவி கெட்டுப்போகும்.

'சப் அவுட்' இருக்குமாயின், ஒரு கம்பியால் அதனைச் சப்வூஃபரின் உள்வாயிலோடு இணைக்க வேண்டும். 'ப்ரீ அவுட்' இரண்டையும் இடவல ஒலிபெருக்கிகளோடு இணைக்க வேண்டும். 'சப் அவுட்' இல்லையெனில், இரு கம்பிகளையும் முதலில் சப்வூஃபருக்குக் கொண்டுசென்று, அதற்கு வெளிவாயில்கள் இருக்குமானால் அவற்றிலிருந்து ஒலிபெருக்கிகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆம்ப்ளிஃபயரே இல்லாமல் தொலைக்காட்சியோ கைப்பேசியோ மட்டும் உடையவர்கள், காதொலிக் கருவிக்குரிய துளையிலிருந்து இரண்டாகப் பிரியும் கம்பியைக் கொண்டு இதையே செய்யலாம். பின்னர், ஒலியளவை முற்றும் தணித்து வைத்து, குறிப்பு தரும் கருவியை முதலிலும் ஒலிபெருக்கிகளைக் கடைசியிலுமாக இயக்குக; நிறுத்தும்போது ஒலிபெருக்கிகளை முதலில் நிறுத்துக.

சப்வூஃபரில் 'கிராஸ்ஓவர்' என்றொரு திருகு இருக்கும். எந்த அதிர்வுக்குக் கீழே பொறுப்பேற்பது என்பதை அது தீர்மானிக்கும். சிறிய ஒலிபெருக்கிகளாயின் 80 அதிர்வு என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். மேலும் உயர்த்தினால் பாடகரின் குரலும் தரையிலிருந்து எழுவதுபோலக் கேட்கும். 'ஃபேஸ்' என்ற விசையை 0, 180 என்ற இரு நிலைகளிலும் வைத்துப் பார்த்து, தொப்பி எந்நிலையில் நிறைவாகக் கேட்கிறதோ அந்நிலையில் நிறுத்துக. இடம் முக்கியமானது. 80 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் நாலேகால் மீட்டருக்குச் சற்று மேல்; ஆகவே அது எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி அறியாது. ஆனால் அறையின் சுவர்களுக்கிடையே அது மோதித் திரும்பி, ஓரிடத்தில் பெருகியும் மற்றோரிடத்தில் மறைந்தும் நிற்கும். எளிய வழியொன்று உண்டு. நீங்கள் அமரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தை ஒலிக்கச் செய்து, சுவரோரமாகத் தாழக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கு நாதம் சீராகக் கேட்கிறதோ அங்கு அப்பெட்டியை வைத்துவிடுங்கள்.

இணைத்தவுடன் 'ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்குமாயின், கருவிகள் வெவ்வேறு மின்வாயில்களில் தரைத்தொடர்பு பெற்றிருப்பது பெரும்பாலும் காரணமாகும். எல்லாவற்றையும் ஒரே மூன்று துளைப் பலகையில் இணைத்தால் அநேகமாகத் தீரும். தரைத்தொடர்பு முனையை ஒடித்து எறியும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே உலையாகும். இடுக்கி மலைகளில் ஐப்பசி மாத மாலைகளில் இடி விழுவதை நாங்கள் அறிவோம். மேகம் கறுத்ததும் கம்பிகளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். உங்கள் ஊரிலும் அது நற்பழக்கமே.

ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கல்பாத்தியின் வீடுகளும் மூணாற்றின் லயங்களும் ஓரியல்பில் ஒத்தவை: ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். பெருநகரங்களில் நீங்கள் வாழும் அடுக்கு வீடுகளும் அத்தகையனவே. மேல்நாதத்தைச் செங்கற்சுவர் தடுத்துவிடும். அடிநாதமோ சுவரையும் தரையையும் ஊடுருவிச் சென்று அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்பும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை 45 டெசிபெல் என வரையறுக்கின்றன. ஆனால் வழக்கமான அளவைமுறை அடிநாதத்தைக் குறைத்தே கணக்கிடும். கருவி குற்றமில்லை என்று காட்டும்போதும் அடுத்த வீட்டார்க்கு உறக்கம் கெடலாம். புதிய மொழி பேசும் ஊரில் குடியேறியிருக்கும் நமக்கு அண்டைவீட்டாரின் நல்லெண்ணமே பெருஞ்செல்வம். பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் மெத்தையொன்று இடுவதும், இரவானதும் அதன் திருகைத் தணிப்பதும், வாங்கிய புதிதில் ஒருநாள் அடுத்த வீட்டாரையே அழைத்துக் கேட்கச் செய்வதும் நலம்.

இக்கருவி செய்ய இயலாதது ஒன்றும் உண்டு. பதிவிலேயே இல்லாத நாதத்தை எந்தப் பெட்டியும் தர முடியாது. 1902ஆம் ஆண்டுத் தட்டை எத்தனை பெரிய சப்வூஃபரில் ஒலிக்கச் செய்தாலும், அன்று மெழுகில் ஏறாத தொப்பி இன்று எழாது; ஊசியின் இரைச்சலே பெருகும். ஆகையால் பழைய நாடாக்களும் தட்டுகளும் வீட்டில் வைத்திருப்போர், அவை பூஞ்சை பிடித்து அழியுமுன் நல்ல கருவியில் ஓட்டி, ஒலியைச் சுருக்காமல் முழுமையாகப் பிரதியெடுத்து வைக்க வேண்டுகிறேன். நாடாவில் உள்ளதை இன்றைய ஒலிபெருக்கி காட்டாவிடினும் நாளையது காட்டும்.

மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாடாகக் கொண்ட எனக்கு இவ்வரலாற்றில் வியப்பில்லை. ஒரு வாக்கியத்தை மற்றொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது சொற்பொருள் எளிதில் போய்விடும். அதன் அடியில் ஓடும் ஓசையும் உறவுமுறையும் வழியில் தங்கிவிடும். அவற்றையும் கொண்டுசேர்க்கத் தனியே உழைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மார்கழியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சப்வூஃபரை இணைத்து முடித்தேன். அந்த 1991ஆம் ஆண்டு நாடாவின் பிரதியை ஓடவிட்டேன். இரைச்சல் இருந்தது, குரல்கள் ஒன்றோடொன்று மோதின, ஜால்ராவின் ஒலி மிகுந்திருந்தது. அவற்றின் அடியில், இரண்டாம் பாட்டின் நடுவே, தொப்பியின் கும்கி எழுந்தது. தாளம் ஓரிரு இடங்களில் தவறியதும் அப்போதுதான் தெரிந்தது. என் தாயார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "ஆமா, இதுதான். எடது கை எப்பவும் கொஞ்சம் முந்தும் அவருக்கு" என்றார்.

தொலைவில் வாழும் நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய குரலொன்று இருத்தல் கூடும். அதன் இடக்கையையும் கேட்க முயலுங்கள்.